கேட்டபின் சட்டம்

மசோதாக்களை ஆராயும் குழுக்கள்: மைசூர் பிரதிநிதி சபை முதல் இன்றைய நாடாளுமன்றம் வரை

மைசூரு தேவராஜ மொஹல்லாவில் உள்ள ஜகன்மோகன் அரண்மனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்குள்ள ஓவியங்களைப் பார்க்க வருகிறார்கள். 1861இல் கட்டப்பட்ட அந்த மாளிகைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1907 ஜூலையில் மைசூர் சமஸ்தானத்தின் சட்ட மேலவை முதன்முதலாகக் கூடிய இடம் அது. அப்போது திவானாக இருந்தவர் கும்பகோணத்துக்காரரான வி.பி. மாதவ ராவ். அதற்கு 26 ஆண்டுகள் முன்பே, செங்கல்பட்டுப் பகுதியில் பிறந்து மைசூர் திவானாக உயர்ந்த சி.வி. ரங்காச்சார்லு பிரஜா பிரதிநிதி சபையைத் தொடங்கிவைத்திருந்தார். 1881 அக்டோபரில் நடந்த அதன் முதல் கூட்டத்துக்கு 144 பேர் வந்தார்கள். நிலவுடைமையாளர்களும் வணிகர்களுமே அவர்களில் மிகுதி. தசரா காலத்தில் கூடி, அரசின் ஆண்டறிக்கையைக் கேட்டு, தங்கள் பகுதிக் குறைகளைச் சொல்லிவிட்டுத் திரும்புவது அவர்கள் வேலை. சட்டம் இயற்றும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது.

1923இல் ஒரு முக்கியமான மாற்றம் வந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பிரஜேந்திரநாத் சீல் தலைமையில் அமைந்த அரசியல் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, பிரதிநிதி சபைக்குச் சட்டபூர்வமான நிலை கிடைத்தது. உறுப்பினர் எண்ணிக்கை 250 ஆயிற்று. சட்ட மேலவைக்கு 50 பேர். ஒரு மசோதாவை மேலவையில் கொண்டுவருவதற்கு முன், அதன் பொதுக் கொள்கை பற்றிப் பிரதிநிதி சபையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது நடைமுறை விதியாயிற்று. புதிய வரிகளுக்கும் இதே விதி பொருந்தியது.

வாக்குரிமை சிலருக்கே இருந்த, திவானே தலைமை வகித்த சபை அது. அதை இன்றைய மக்களாட்சிக்கு மாதிரியாகக் காட்ட முடியாது. ஆனால் அது எழுப்பும் கேள்வி இன்றும் நம் முன் நிற்கிறது. சட்டத்துக்குக் கட்டுப்படப் போகிறவர்களை முன்கூட்டியே கேட்பது ஆட்சியின் கடமையா, அல்லது ஆட்சி விரும்பினால் தரும் சலுகையா? ஒரு மன்னராட்சி 1923இல் கொள்கையளவில் கடமை என்று ஏற்றுக்கொண்டதை, குடியரசான நம் நாடாளுமன்றம் இன்றும் விருப்பத்துக்கே விட்டுவைத்திருக்கிறது. மசோதாக்களை ஆராயும் குழுக்கள் எப்படி இயங்குகின்றன, எங்கே பயன் தந்தன, எங்கே தோற்றன, எங்கே ஒதுக்கப்பட்டன என்று வரிசையாகப் பார்த்தால் இந்த விருப்பத்துக்கு நாம் கொடுத்த விலை தெரியும்.

குழுவுக்குள் ஒரு மசோதா

நாடாளுமன்றத்தில் மசோதா ஒன்று மூன்று வாசிப்புகளைக் கடக்க வேண்டும். அறிமுகம் முதல் வாசிப்பு. பொதுக் கொள்கை விவாதமும் பிரிவு பிரிவான பரிசீலனையும் இரண்டாவது. நிறைவேற்றும் தீர்மானம் மூன்றாவது. அறிமுகத்துக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் இடையில் குழுவுக்கான இடம் இருக்கிறது.

குழுக்கள் இரு வகை. முதல் வகை துறைசார் நிலைக்குழு. இவை மொத்தம் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேருமாக 31 உறுப்பினர்கள். அமைச்சர்கள் இடம்பெற முடியாது. பதவிக்காலம் ஓராண்டு. எந்த மசோதாவை அனுப்புவது என்பதை மக்களவைத் தலைவரோ மாநிலங்களவைத் தலைவரோ முடிவு செய்கிறார். இரண்டாம் வகை, ஒரே ஒரு மசோதாவுக்கென அவையின் தீர்மானத்தால் அமைக்கப்படும் குழு. ஓர் அவையின் உறுப்பினர்கள் மட்டும் இருந்தால் தெரிவுக் குழு, இரு அவையினரும் இருந்தால் கூட்டுக் குழு. அறிக்கை தந்ததும் அதன் ஆயுள் முடிகிறது.

இரண்டுக்கும் அதிகாரத்தில் பெரிய வேறுபாடு உண்டு. தெரிவுக் குழுவும் கூட்டுக் குழுவும் மசோதாவின் வாசகத்தையே திருத்தி அவைக்குத் திருப்பி அனுப்பலாம். பிறகு அவை விவாதிப்பது பெரும்பாலும் அந்தத் திருத்திய வடிவத்தைத்தான். நிலைக்குழுவோ பரிந்துரையோடு நின்றுவிட வேண்டும். அதன் அறிக்கையை ஆழ்ந்து யோசித்துச் சொன்ன ஆலோசனையாக மதிக்க வேண்டும் என்று மக்களவை விதிகள் சொல்கின்றன. மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எங்கும் சொல்லவில்லை.

வேலை நடக்கும் விதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மசோதாவைத் தயாரித்த அமைச்சகத்தின் செயலாளரும் அதிகாரிகளும் முதலில் வந்து விளக்குகிறார்கள். பொதுமக்களிடமிருந்து மனுக்கள் கேட்டு அறிவிப்பு வெளியாகிறது. துறை வல்லுநர்கள், வழக்கறிஞர்கள், தொழிற்சங்கத்தினர், பாதிக்கப்படக்கூடியவர்களின் அமைப்புகள் என்று சாட்சிகளை அழைத்துக் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சொல்லுக்குச் சொல் பதிவாகிறது. தேவையானால் குழு மாநிலங்களுக்கும் பயணம் செய்கிறது. அதன்பின் பிரிவு பிரிவாக மசோதாவைப் படித்து, வரைவறிக்கை தயாரித்து, ஏற்கிறார்கள். உடன்படாதவர் மாற்றுக்கருத்துக் குறிப்பு எழுதி அறிக்கையோடு சேர்க்கலாம். கட்சிக் கொறடாவின் ஆணை இங்கே செல்லாது. கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கின்றன. அவையில் வைக்கும்வரை அறிக்கை ரகசியம்.

கொறடாவும் கேமராவும் இல்லாத அந்த அறையில், ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் அதிகாரியைப் பார்த்து, இந்தப் பிரிவு என் தொகுதியில் செல்லாது என்று சொல்ல முடிகிறது. அவையில் அவரால் அப்படிச் சொல்ல முடிவதில்லை. குழு முறையின் பலம் முதலில் இந்த இடத்தில் இருக்கிறது.

பழைய வேர்கள், புதிய கிளைகள்

தெரிவுக் குழு பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்தே வருவது. 1927இல் ஹர் பிலாஸ் சார்தா மத்திய சட்டசபையில் கொண்டுவந்த குழந்தை மண மசோதா இந்துக்களுக்கு மட்டுமானது. தெரிவுக் குழு அதை எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான சட்டமாக மாற்றியது. கூடவே, மொரோபந்த் ஜோஷி தலைமையில் இசைவு வயது பற்றிய குழு ஒன்று நாடெங்கும் சாட்சியம் கேட்டது. அக்குழு உறுப்பினர்களில் ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார். பின்னாளில் மைசூரின் கடைசித் திவானாக இருந்தவர் அவர். 1929இல் சட்டம் நிறைவேறி, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று மண வயதை வகுத்தது.

மைசூர் சமஸ்தானத்திலும் இதற்கு இணையான ஒரு நிகழ்வு உண்டு. இந்துப் பெண்களின் சொத்துரிமையை ஆராய ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கே.எஸ். சந்திரசேகர ஐயர் தலைமையில் குழு அமைத்தார்கள். அதன் அறிக்கையின் அடிப்படையில் 1933இல் மைசூர் இந்துச் சட்டப் பெண்கள் உரிமைச் சட்டம் பிறந்தது. விதவைகளுக்குச் சொத்தில் உரிமை தரும் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் 1937இல்தான் வந்தது. ஆராய்ந்து, கேட்டு, அதன்பின் இயற்றுவதால் சீர்திருத்தம் பின்தங்கிவிடும் என்று நினைப்பவர்களுக்கு மைசூர் நல்ல பதில்.

விடுதலைக்குப் பின் பெரிய மசோதாக்கள் அவ்வப்போது தெரிவுக் குழுவுக்கும் கூட்டுக் குழுவுக்கும் போயின. நிரந்தரமான ஏற்பாடு தாமதமாகத்தான் வந்தது. 1989இல் வேளாண்மை, அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கு மூன்று குழுக்கள் அமைந்தன. 1993இல் எல்லா அமைச்சகங்களையும் தழுவி 17 நிலைக்குழுக்கள் வந்தன. 2004இல் அவை 24 ஆயின.

கேட்டதால் வளர்ந்த சட்டம்

குழு முறையின் பயனுக்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சொல்லலாம். 2004 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான அதன் மசோதா, பணியாளர், பொதுக் குறைதீர்ப்பு, சட்டம், நீதித் துறைகளுக்கான நிலைக்குழுவுக்குப் போனது. தலைவர் தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்குச் சென்ற வழக்கறிஞர் இ.எம். சுதர்சன நாச்சியப்பன்.

மசோதாவில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டுமே அது செல்லும். ஆனால் ஏழை மனிதர் அன்றாடம் முட்டி மோதுவது கிராம நிர்வாக அலுவலகத்திலும் நியாய விலைக் கடையிலும் காவல் நிலையத்திலும். எல்லாமே மாநில அரசின் கையில் இருப்பவை. தகவல் உரிமைக்கு முதன்முதலில் சட்டம் கண்ட மாநிலம் தமிழ்நாடு. 1997இல் வந்த அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகள் மிகுதியாக இருந்ததால் அது பலவீனமாக இருந்தது. மத்திய மசோதா அப்படியே நிறைவேறியிருந்தால், மாநில அலுவலகங்களில் இருள் அப்படியே நீடித்திருக்கும்.

அருணா ராய் உள்ளிட்ட தகவல் உரிமை இயக்கத்தினர் குழுவின் முன் வந்து பேசினார்கள். ராஜஸ்தான் கிராமங்களில் சாலைப்பணிக் கூலிக் கணக்கைக் கேட்டுப் போராடிய அனுபவம் அவர்களுடையது. மாநிலங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2005 மார்ச்சில் குழு பரிந்துரைத்தது. அரசு ஏற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களோடு மே மாதம் இரு அவைகளிலும் மசோதா நிறைவேறியது. அக்டோபர் 12 முதல் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இன்று மைசூரு மாநகராட்சியிலோ மதுரை வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஒருவர் பத்து ரூபாய் கட்டணம் கட்டிக் கேள்வி கேட்க முடிகிறது என்றால், அந்தக் குழு அறையில் நடந்த உரையாடலுக்கும் அதில் பங்கு உண்டு. அறிமுகத்திலிருந்து நிறைவேறும்வரை ஆன காலம் ஐந்து மாதங்களுக்குள் அடங்கியது.

அதே சட்டத்தின் பிற்கால வரலாறு எதிர்த்திசையில் போகிறது. தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் அரசே வகுக்கும்படி செய்த 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரிய தீர்மானம் மாநிலங்களவையில் தோற்றது. தனிநபர் தரவுப் பாதுகாப்பு பற்றிய 2019ஆம் ஆண்டு மசோதாவைக் கூட்டுக் குழு ஒன்று இரண்டு ஆண்டு ஆராய்ந்து, 81 திருத்தங்களைப் பரிந்துரைத்தது. 2022 ஆகஸ்டில் அரசு அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றது. ஓராண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் 3இல் புதிய மசோதா அறிமுகமாகி, 7ஆம் தேதி மக்களவையிலும் 9ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறிவிட்டது. எந்தக் குழுவும் அதைப் பார்க்கவில்லை. தனிநபர் விவரங்களை மறுப்பது தொடர்பான தகவல் உரிமைச் சட்டப் பிரிவைத் திருத்தும் வாசகமும் அதற்குள் இருந்தது. கேட்டு வளர்த்த சட்டம் கேளாமலே குறைக்கப்பட்டதை இந்த இரண்டு திருத்தங்களும் காட்டுகின்றன.

பாதி கேட்ட சட்டம்

திருநர் உரிமைச் சட்டத்தின் கதை கலவையானது. திருநர் உரிமைகளை ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் 2014 ஏப்ரல் தீர்ப்புக்குப் பின், திமுகவின் திருச்சி சிவா மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24இல் அங்கே நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று அவையில் நிறைவேறுவது பல பத்தாண்டுகளாக நடக்காத ஒன்று. அரசு அதை மக்களவையில் முன்னெடுக்காமல் 2016இல் தன் மசோதாவைக் கொண்டுவந்தது. முழு ஆணும் அல்லாத, முழுப் பெண்ணும் அல்லாத என்று குறையின் மொழியில் திருநரை அது வரையறுத்தது.

சமூக நீதித் துறை நிலைக்குழு திருநர் அமைப்புகளைக் கேட்டது. அந்த வரையறை மனித மாண்புக்கும் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமைக்கும் எதிரானது என்று 2017 ஜூலை அறிக்கையில் சொன்னது. அரசு வரையறையை மாற்றிக்கொண்டது. ஆனால் இட ஒதுக்கீடு, திருமணம் முதலிய உரிமைகள் பற்றிக் குழு எழுப்பியவற்றைச் சட்டத்தில் சேர்க்கவில்லை. 2019 நவம்பரில் மாநிலங்களவைக்கு வந்த மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று சிவா கொண்டுவந்த தீர்மானம் தோற்றது.

ஒரு நிலைக்குழு செய்ய முடிந்ததன் எல்லையும் செய்ய முடியாததன் தொடக்கமும் இந்தக் கதையில் தெரிகின்றன. இழிவான வரையறையைச் சட்டப் புத்தகத்தில் ஏறவிடாமல் குழு தடுத்தது. அது சாதாரண வெற்றி அல்ல. பரிந்துரைகளில் எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று அரசிடம் பிரிவுவாரியாக விளக்கம் கேட்டுப் பெறும் அதிகாரம் இருந்திருந்தால், மீதியைப் பற்றியும் அவை நேர்மையாக விவாதித்திருக்க முடியும்.

வாக்கெண்ணிக்கை ஆன குழு

குழுவுக்கு அனுப்பினாலே போதுமா? அண்மைக் கால நிகழ்வுகள் போதாது என்கின்றன.

2023 ஆகஸ்ட் 11இல் இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் மாற்றாக மூன்று மசோதாக்கள் வந்தன. பிரிஜ் லால் தலைமையிலான உள்துறை நிலைக்குழு மூன்று மாதத்தில் மூன்றையும் ஆராய்ந்து முடித்தது. ப. சிதம்பரமும் திமுக உறுப்பினர்களும் உட்பட எதிர்க்கட்சியினர் மாற்றுக்கருத்துக் குறிப்புகள் தந்தார்கள். அரசு மசோதாக்களைத் திரும்பப் பெற்று, சில பரிந்துரைகளைச் சேர்த்து டிசம்பர் 12இல் மீண்டும் கொண்டுவந்தது. பத்து நாட்களுக்குள் இரு அவைகளும் நிறைவேற்றின. அந்தக் கூட்டத்தொடரில் 140க்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருந்தார்கள். குழுவில் எழுந்த ஐயங்களை அவையில் எழுப்ப வேண்டியவர்களில் பலர் வெளியே நின்றார்கள்.

வக்ஃப் திருத்த மசோதா 2024 ஆகஸ்டில் ஜகதாம்பிகா பால் தலைமையிலான 31 பேர் கூட்டுக் குழுவுக்குப் போனது. திமுகவின் ஆ. ராசாவும் எம்.எம். அப்துல்லாவும் அதில் இருந்தார்கள். குழு சென்னைக்கும் பெங்களூருவுக்கும் வந்து கருத்துக் கேட்டது. மனுக்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. கேட்ட அளவில் குறை சொல்ல முடியாத உழைப்பு. 2025 ஜனவரியில் திருத்தங்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆளும் கூட்டணியினர் தந்த 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன. எதிர்க்கட்சியினரின் 44 திருத்தங்களும் 16க்கு 10 என்ற கணக்கில் விழுந்தன. ஒன்றுகூட ஏற்கத்தக்கதாக இல்லை என்பதை நம்புவது கடினம். ஏப்ரலில் சட்டம் நிறைவேறியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதன் சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. அவற்றுள் ஒன்று, வக்ஃப் செய்பவர் ஐந்தாண்டு இஸ்லாத்தைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்ற பிரிவு. குழுவிலேயே தீர்ந்திருக்க வேண்டிய கேள்விகள் நீதிமன்றம் ஏறின.

மறுபுறம், 2025ஆம் ஆண்டு வருமான வரி மசோதா பைஜயந்த் பாண்டா தலைமையிலான தெரிவுக் குழுவுக்குச் சென்றது. குழு 285 பரிந்துரைகள் தந்தது. அரசு பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றைச் சேர்த்துப் புதிய மசோதாவையே கொண்டுவந்தது. அரசியல் சூடு குறைந்த, நுட்பம் மிகுந்த மசோதாவில் குழுவின் சொல் எளிதில் ஏறுகிறது. நாடு இரண்டுபட்டு நிற்கும் மசோதாவில் குழு அவையின் சிறு பிரதியாகச் சுருங்கிவிடுகிறது. குழு மிகவும் தேவைப்படுவது இரண்டாவது வகைக்குத்தான்.

குழுவையே காணாத சட்டங்கள்

பி.ஆர்.எஸ். சட்டமன்ற ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, 14ஆவது மக்களவைக் காலத்தில் 60 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 15ஆவதில் 71 சதவீதம். 16ஆவதில் அது ஏறக்குறைய நான்கில் ஒன்றாகச் சரிந்தது. 2019 முதல் 2024 வரையான 17ஆவது மக்களவையில் 16 சதவீதம்.

இந்தச் சரிவின் முழுப் பொருளை 2020இல் விவசாயிகள் காட்டினார்கள். மூன்று வேளாண் மசோதாக்களையும் செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, தெரிவுக் குழுவுக்கு அனுப்பும் கோரிக்கை மாநிலங்களவையில் அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் தள்ளப்பட்டது. விவசாயச் சங்கத்தினர் குழு அறையில் சொல்லியிருக்க வேண்டியதை டெல்லி எல்லையில், குளிரிலும் வெயிலிலும், ஓராண்டுக்கு மேல் சாலையில் அமர்ந்து சொன்னார்கள். 2021 நவம்பர் 29இல் மூன்று சட்டங்களையும் ரத்து செய்யும் மசோதா இரு அவைகளிலும் விவாதமின்றி நிறைவேறியது. இயற்றும்போதும் கேட்கவில்லை, நீக்கும்போதும் பேசவில்லை.

குழுவைத் தவிர்க்க நிதி மசோதா இன்னொரு வழி. கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை தரும் தேர்தல் பத்திரத் திட்டத்துக்கு வழிசெய்த திருத்தங்கள் 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குள் வந்தன. எந்த நிலைக்குழுவும் அவற்றைத் தனியே ஆராயவில்லை. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை அரசமைப்புக்கு எதிரானது என்று நீக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பத்திரங்களின் வழியே கட்சிகளுக்குப் போன பணம் போனதுதான்.

இது ஒரு கட்சியின் நோய் அல்ல. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21இல் தொழிற்சாலைகள் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. ஒரு நாள் வேலை நேரம் 12 மணி வரை நீள அது இடம் தந்தது. திமுகவின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் அரசு அதை நிறுத்திவைத்தது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். திரும்பப் பெற்றது பாராட்டத்தக்கது. ஆனால் தொழிற்சங்கங்களை நிறைவேற்றிய பிறகு அழைத்துப் பேசிய அரசு, ஒரு தெரிவுக் குழுவில் முன்பே அழைத்திருக்கலாம். அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகமும் இதே போன்ற திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது.

மாநிலங்களின் நிலை

நம் அன்றாட வாழ்வைத் தொடும் சட்டங்களில் பெரும்பகுதி மாநிலச் சட்டங்கள். நிலம், காவல், உள்ளாட்சி, சந்தை, வாடகை எல்லாம் அங்கே. ஆனால் மசோதாக்களை வழக்கமாக ஆராயும் நிரந்தரக் குழுக்கள் பெரும்பாலான சட்டமன்றங்களில் இல்லை. கேரளம் விதிவிலக்கு. 1980 முதல் அங்கே பொருள்வாரிக் குழுக்கள் இருக்கின்றன. இப்போது 14. மசோதாக்கள் அவற்றின் வழியாகச் செல்வது அங்கே வழக்கம்.

கர்நாடகத்தில் அண்மையில் ஒரு நல்ல முன்மாதிரி கிடைத்தது. பெங்களூரு மாநகராட்சியைப் பல மாநகராட்சிகளாகப் பிரிக்க வழிசெய்யும் கிரேட்டர் பெங்களூரு நிர்வாக மசோதா 2024 ஜூலையில் அறிமுகமானபோது, ரிஸ்வான் அர்ஷத் தலைமையில் இரு அவைக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழு பொதுமக்களையும் கேட்டது. திருத்திய வடிவம் 2025 மார்ச்சில் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் உள்ளடக்கத்தோடு உடன்படாதவர்களும் வழிமுறையைக் குறை கூற இடமில்லை.

தமிழ்நாட்டில் 1986இல் மேலவை நீக்கப்பட்டபின் இரண்டாவது பார்வைக்கு வேறு இடமில்லை. தெரிவுக் குழுவுக்கு அனுப்பச் சட்டமன்ற விதிகளில் இடமுண்டு. ஆனால் பெரும்பாலான மசோதாக்கள் அறிமுகமான கூட்டத்தொடரிலேயே, பல நேரம் கடைசி நாளில் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறுகின்றன. ஒரே அவை உள்ள மாநிலத்துக்குக் குழு முறை மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை.

பிற நாடுகள்

நியூசிலாந்தும் ஒரே அவை கொண்ட நாடு. அங்கே ஏறக்குறைய எல்லா மசோதாக்களும் முதல் வாசிப்புக்குப் பின் தெரிவுக் குழுவுக்குப் போகின்றன. வழக்கமான அவகாசம் ஆறு மாதம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். விசாரணைகள் பொதுவாகத் திறந்தே நடக்கின்றன. பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கும் பிரிட்டிஷ் முடியரசுக்கும் இடையிலான வைதாங்கி ஒப்பந்தத்தின் கோட்பாடுகளை மாற்றி வரையறுக்கும் மசோதாவுக்கு மூன்று லட்சம் மனுக்கள் போல வந்தன. மாவோரி மக்கள் தம் எதிர்ப்பைக் குழுவின் முன் சொன்னார்கள். மேற்கொண்டு நகர வேண்டாம் என்று குழு பரிந்துரைத்தது. 2025 ஏப்ரலில் அவை 112க்கு 11 என்று மசோதாவைத் தோற்கடித்தது.

ஜெர்மனியில் குழு உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் கேட்டாலே, அவை அனுப்பிய மசோதா மீது பொது விசாரணை நடத்த வேண்டும். சிறுபான்மைக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லை, கேட்கவைக்கும் அதிகாரம் உண்டு. இலங்கையில் மசோதா சட்டமாகும் முன்பே குடிமக்கள் உச்ச நீதிமன்றம் செல்லலாம். சட்டமானபின் அந்தக் கதவு மூடிவிடும். 2024 ஜனவரியில் நிறைவேறிய இணையவழிப் பாதுகாப்புச் சட்டத்தில் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுதும் சேரவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நீதிமன்றத்தின் ஆய்வு அரசமைப்போடு பொருந்துகிறதா என்று மட்டுமே பார்க்கும். இந்தச் சட்டம் தேவையா, நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பது மக்கள் பிரதிநிதிகளின் வேலை.

எதிர்வாதங்கள்

குழு முறைக்கு எதிரான வாதங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும். முதலாவது, தாமதம். தரவுப் பாதுகாப்பு மசோதாவுக்கு இரண்டு ஆண்டு பிடித்தது உண்மை. ஆனால் தகவல் உரிமை மசோதாவுக்குச் சில மாதங்களே ஆயின. கால வரம்பு விதித்தால் தீரும் குறை இது. ரத்து செய்யப்பட்ட வேளாண் சட்டங்களுக்கும் நீக்கப்பட்ட தேர்தல் பத்திரங்களுக்கும் வீணான ஆண்டுகளோடு ஒப்பிட்டால் குழுவின் மாதங்கள் சிறியவை.

இரண்டாவது, மூடிய கதவு. ரகசியம் உறுப்பினருக்குச் சுதந்திரம் தருகிறது. மக்களுக்கோ, யார் வந்து என்ன சொன்னார்கள் என்று தெரிவதில்லை. உறுப்பினர்கள் தமக்குள் கலந்து பேசும்போது கதவு மூடியிருக்கட்டும். சாட்சியம் கேட்கும்போது திறந்திருக்கலாம்.

மூன்றாவது, திறன். உறுப்பினர் வருகை பல குழுக்களில் பாதியளவில் நிற்கிறது. ஓராண்டுப் பதவிக்காலத்தில் துறையைக் கற்றுக்கொள்ளும் முன் குழு மாறிவிடுகிறது. நிரந்தர ஆய்வாளர்கள் போதுமான அளவில் இல்லாததால், எந்த அமைச்சகத்தை ஆராய வேண்டுமோ அதன் தரவையே நம்ப வேண்டியிருக்கிறது.

நான்காவது குறையைப் பொதுவாக யாரும் பேசுவதில்லை. மொழி. மனுக் கேட்கும் அறிவிப்பும் மசோதாவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வெளியாகின்றன. அவகாசம் பல நேரம் இரண்டு வாரம். மைசூரு தேவராஜா மார்க்கெட் சுற்றுப்புற நடைபாதையில் பூ விற்கும் பெண்ணின் பிழைப்பு 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்துக்கு உட்பட்டது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும் என்று சொல்லும் நல்ல சட்டம் அது. அதன் மசோதாவும் நிலைக்குழுவின் வழியே வந்ததுதான். ஆனால் கன்னடமோ தமிழோ உருதுவோ மட்டும் பேசும் அவர் அந்தக் குழுவுக்குத் தன் அனுபவத்தை எழுதியிருக்க முடியாது. அவருக்காகப் பேசும் சங்கம் டெல்லியில் இருந்தால்தான் அவர் குரல் அங்கே போகும்.

செய்ய வேண்டியவை

2014இல் மத்திய அரசு ஏற்ற முன்கலந்தாய்வுக் கொள்கை, வரைவு மசோதாவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. பின்பற்றாவிட்டால் விளைவு ஏதும் இல்லை. நிலைக்குழுவுக்கு அனுப்புவதும் அப்படியே விருப்பத்தில் நிற்கிறது. ஆகவே முதல் சீர்திருத்தம் விதியில் தொடங்க வேண்டும். நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களையும் உண்மையான அவசரத்தையும் தவிர எல்லா மசோதாக்களும் தாமாகவே குழுவுக்குச் செல்ல வேண்டும். அனுப்பாவிட்டால் காரணத்தை அமைச்சர் அவையில் எழுத்தில் வைக்க வேண்டும். அவசரம் என்று நிறைவேற்றிய சட்டம் ஓராண்டுக்குள் குழுவின் ஆய்வுக்கு வர வேண்டும். அவையின் நான்கில் ஒரு பங்கினர் கேட்டால் பொது விசாரணை நடக்க வேண்டும். பரிந்துரைகளை ஏற்காத அரசு பிரிவுவாரியாகப் பதில் சொல்ல வேண்டும். குழுவின் காலம் மக்களவையின் காலத்தோடு ஒத்திருக்க வேண்டும். அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் அறிவிப்பும் மசோதாவின் சுருக்கமும் வர வேண்டும், அம்மொழிகளில் மனுவும் ஏற்கப்பட வேண்டும். தமிழ்நாடும் கர்நாடகமும் கேரளத்தைப் பின்பற்ற டெல்லியின் அனுமதி தேவையில்லை. அவரவர் சட்டமன்ற விதிகளைத் திருத்தினால் போதும்.

இவற்றில் எதற்கும் அரசமைப்புத் திருத்தம் வேண்டாம். விதிப் புத்தகத்தில் சில பக்கங்கள் மாறினால் போதும். அவை மாறாமல் இருப்பதற்குக் காரணம், ஆட்சியில் இருக்கும் எவருக்கும் கேட்காமல் இருப்பது வசதியாக இருப்பதுதான். எதிர்க்கட்சியாக இருக்கும்போது குழு கேட்டுக் குரல் கொடுப்பவர்கள் ஆட்சிக்கு வந்ததும் மறந்துவிடுவதை இரண்டு மாநிலங்களிலும் டெல்லியிலும் பார்த்துவிட்டோம். வசதியை எதிர்க்கும் வலிமை வாக்காளருக்கு மட்டுமே உண்டு. தொகுதிக்கு வரும் உறுப்பினரிடம் சாலையும் குடிநீரும் கேட்கிறோம். அவற்றோடு, கடந்த கூட்டத்தொடரில் நீங்கள் கைதூக்கிய மசோதா எந்தக் குழுவுக்குப் போனது, அங்கே யாரைக் கேட்டீர்கள் என்றும் கேட்கத் தொடங்க வேண்டும். பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்த உறுப்பினர்தான் அடுத்த மசோதா வரும்போது, முதலில் குழுவுக்கு அனுப்புங்கள் என்று தன் கட்சித் தலைமையிடமே சொல்வார்.